உள்ளூர்த் திருத்தங்களும் வழங்குநர் புதுப்பிப்புகளும்: மென்பொருள் பதிப்புக் கட்டுப்பாட்டில் பொதுமூலத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

பிறர் உருவாக்கி வழங்கும் மென்பொருளைப் பெற்றுத் தம் தேவைக்கேற்ப அதன் மூலநிரலைத் திருத்திப் பயன்படுத்தும் நிறுவனங்கள், வழங்குநர் புதிய பதிப்பை வெளியிடும்போது ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றன. புதுப்பித்தால் உள்ளூர்த் திருத்தங்கள் அழியும். புதுப்பிக்காவிட்டால் பாதுகாப்புக் குறைகள் நீடிக்கும். இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை கையாளும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது. இரு வடிவங்களுக்கும் பொதுவான மூலத்தைத் திருத்தாமல் காத்துவைப்பதே இம்முறையின் அடிப்படை என்பதை, மின்காப்பக மென்பொருளான டிஸ்பேஸைச் சான்றாகக் கொண்டு நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: மூலநிரல், பதிப்புக் கட்டுப்பாடு, வழங்குநர் கிளை, மூவழி ஒப்பீடு, பொதுமூலம், டிஸ்பேஸ், ஒருங்குறி இயல்பாக்கம்.

முன்னுரை

பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் தமக்குரிய மென்பொருளை முழுமையாகத் தாமே எழுதிக்கொள்வது அரிது. பிறர் எழுதிய திறந்த மூலநிரலைப் பெற்று, அதில் வேண்டிய மாற்றங்களைச் செய்து பயன்படுத்துவதே பெருவழக்கு. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் நூலகமும் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனமும் இணைந்து உருவாக்கி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட டிஸ்பேஸ் இதற்கு நல்லதொரு சான்று. ஆய்வேடுகள், கட்டுரைகள், படிமக் கோப்புகள் முதலியவற்றைச் சேமித்து இணையவழி வழங்க இம்மென்பொருள் உதவுகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் சோத்கங்கா டிஸ்பேஸைக் கொண்டே அமைக்கப்பட்டது.

இத்தகைய மென்பொருளைப் பெறும் நிறுவனம் ஒன்று, பக்க அமைப்பை மாற்றலாம். இடைமுகச் சொற்களைத் தமிழாக்கலாம். சுவடிகளுக்கென விவரப் புலங்களைச் சேர்க்கலாம். இவை உள்ளூர்த் திருத்தங்கள் எனப்படும். இதே காலத்தில் மென்பொருளை உருவாக்கியோரும் வாளாவிருப்பதில்லை. பிழை களைந்து, புதிய வசதி சேர்த்து, அடுத்தடுத்த பதிப்புகளை வெளியிடுகின்றனர். விலைக்கு விற்போராயினும் விலையின்றி அளிப்போராயினும், மூலநிரலின் பிறப்பிடமாக இருப்போர் இக்கட்டுரையில் வழங்குநர் எனக் குறிக்கப்பெறுகின்றனர்.

சிக்கலின் இயல்பு

ஒரே மூலத்திலிருந்து இரு தரப்பினரும் தனித்தனியே மாற்றங்களைச் செய்துகொண்டு போவதால், இரு வடிவங்களும் நாளடைவில் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. புதிய பதிப்பைப் பழைய கோப்புகளின்மேல் அப்படியே படியெடுத்தால், உள்ளூர்த் திருத்தங்கள் முற்றும் மறையும். திருத்தப்பட்ட கோப்புகளை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றைப் புதுப்பித்தால், வழங்குநர் அக்கோப்புகளில் செய்த பிழைநீக்கங்கள் வந்து சேரா. பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமலும் போகலாம்.

இவ்விரு தீமைகளையும் அஞ்சிப் புதுப்பிப்பையே தவிர்ப்பது மூன்றாவது வழி. நடைமுறையில் பல நிறுவனங்கள் இவ்வழியிலேயே நிற்கின்றன. இதன் விளைவு உடனே புலப்படுவதில்லை. லாக்ஃபோர்ஜே என்னும் ஜாவா நிரலகத்தில் 2021 டிசம்பரில் வெளிப்படுத்தப்பட்ட குறைபாடு, கடுமையை அளக்கும் பத்துப் புள்ளி அளவையில் பத்தையும் பெற்றது. அந்நிரலகம் எண்ணற்ற மென்பொருள்களுக்குள் பொதிந்து கிடந்தமையால், தத்தம் மென்பொருளின் எப்பதிப்பு தம்மிடம் உள்ளது, அதில் தாம் செய்த மாற்றங்கள் யாவை என்பவற்றை அறிந்திருந்த நிறுவனங்களே விரைந்து புதுப்பிக்கக்கூடிய நிலையில் இருந்தன. புதுப்பிக்க இயலாத நிலையில் மென்பொருளை வைத்திருப்பது, அதன் வழி காக்கப்படும் ஆவணங்களை இடருக்கு உட்படுத்துவதாகும்.

இருவழி ஒப்பீடும் மூவழி ஒப்பீடும்

உள்ளூர் வடிவத்தையும் வழங்குநரின் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் வேறுபாடுகள் தெரியும். ஆயினும் அவ்வேறுபாடுகளை என்ன செய்வது என்பது தெரியாது. இதனைப் பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

வழங்குநரின் முதற்பதிப்பில், ஆவண விவரப் பக்கம் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு, மொழி, கோப்பளவு என்னும் ஐந்து வரிகளைக் கொண்டிருந்ததாகக் கொள்வோம். நிறுவனம் தலைப்பை அடுத்துச் ‘சுவடி எண்’ என்னும் வரியைச் சேர்க்கிறது. வழங்குநரோ தம் புதிய பதிப்பில் கோப்பளவை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ‘உரிமம்’ என்னும் வரியை வைக்கின்றார்.

இப்போது இரு வடிவங்களையும் மட்டும் ஒப்பிடுவோர்க்குத் தெரிவது இதுவே: உள்ளூர் வடிவத்தில் சுவடி எண், கோப்பளவு ஆகிய இரு வரிகள் மிகுதி, புதிய பதிப்பில் உரிமம் மிகுதி. சுவடி எண் நிறுவனம் சேர்த்தது. ஆதலின் காக்கப்பட வேண்டும். கோப்பளவு வழங்குநர் நீக்கியது; ஆதலின் நீங்க வேண்டும். ஆனால் ஒப்பீட்டில் இரண்டும் ஒரே தன்மையனவாகவே காட்சியளிக்கின்றன. ஒருபால் இருந்து மறுபால் இல்லாத ஒரு வரி, முன்னதில் சேர்க்கப்பட்டதா, பின்னதில் விடப்பட்டதா என்பதை அவ்விரு வடிவங்களே உணர்த்த மாட்டா.

முதற்பதிப்பை மூன்றாவதாக அருகில் வைத்தால் ஐயம் தீர்கிறது. முதற்பதிப்பில் சுவடி எண் இல்லை. எனவே அது உள்ளூர்ச் சேர்க்கை. கோப்பளவு இருந்தது, எனவே அதன் இன்மை வழங்குநரின் நீக்கம். இதனால் தலைப்பு, சுவடி எண், ஆசிரியர், பதிப்பாண்டு, மொழி, உரிமம் என்னும் சரியான வடிவம் மனிதத் தலையீடின்றியே கிடைக்கிறது. ஒரு தரப்பு மட்டும் மாற்றிய இடத்தில் அத்தரப்பின் மாற்றத்தை ஏற்றல், இரு தரப்பும் ஒரே இடத்தை வெவ்வேறாக மாற்றியிருப்பின் அதனை முரண் எனக் காட்டி நிறுத்தல் என்னும் இரு விதிகளே மூவழி ஒப்பீட்டின் சாரம்.

பதிப்பியல் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. இரு சுவடிகளுள் ஒன்றில் மட்டும் காணப்படும் அடி, அச்சுவடியில் நேர்ந்த இடைச்செருகலா, மற்றதில் நேர்ந்த விடுபாடா என்னும் வினா அவர்கள் நாளும் எதிர்கொள்வதே. பிரதிபேதங்களைக் குறித்து வைக்கும் மரபு, முடிவு கூற இயலாத இடத்திலும் சான்றை இழக்காமல் காப்பதற்காக எழுந்தது. எனினும் இரு துறைகளுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பதிப்பாசிரியர்க்கு மூலம் கிட்டுவதில்லை. எஞ்சிய படிகளைக் கொண்டு அதனை உய்த்துணர வேண்டியுள்ளது. நிரலாளர்க்கோ மூலம் ஒருநாள் கையில் இருந்தது. அதனைக் காத்துவைத்தால் ஊகத்திற்கு இடமே இல்லை. காக்கத் தவறினால், அவர் தம்மைத் தாமே சுவடிப் பதிப்பாசிரியரின் நிலைக்குத் தள்ளிக்கொள்கிறார்.

வழங்குநர் கிளை

பொதுமூலத்தைக் காத்துவைப்பதற்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் வகுக்கப்பட்டுள்ள ஏற்பாடு ‘வழங்குநர் கிளை’ எனப்படும். நிரல் களஞ்சியத்தில் இரு கிளைகள் பேணப்படுகின்றன. முதலாவது, வழங்குநர் வெளியிட்ட பதிப்புகளை மட்டும், ஓர் எழுத்தும் மாற்றாமல், வந்த வரிசையிலேயே பதிந்துவைக்கும் கிளை. இரண்டாவது, அதிலிருந்து பிரிந்து உள்ளூர்த் திருத்தங்களைத் தாங்கும் கிளை. நிறுவனத்தின் வழங்கியில் இயங்குவது இரண்டாவதே.

புதிய பதிப்பு வந்ததும் பணி நான்கு படிகளாக நிகழ்கிறது. முதற்படியில், வழங்குநர் கிளையில் உள்ள பழைய கோப்புகள் அகற்றப்பட்டுப் புதிய பதிப்பு முழுமையாக வைக்கப்படுகிறது. பழையனவற்றின்மேல் புதியனவற்றைப் படியெடுத்தல் போதாது. வழங்குநர் நீக்கிய கோப்புகள் அப்போது எஞ்சி நிற்கும். இரண்டாம் படியில், அந்நிலை பதிப்பெண்ணுடன் அடையாளமிடப்பட்டுப் பதியப்படுகிறது. மூன்றாம் படியில், வழங்குநர் கிளை உள்ளூர்க் கிளையோடு ஒன்றிணைக்கப்படுகிறது. நான்காம் படியில், முரண்கள் தீர்க்கப்பட்டு, சோதனைக்குப் பின் மென்பொருள் வழங்கிக்குச் செல்கிறது. வழங்குநர் தம் நிரல் களஞ்சியத்தையே பொதுவில் வைத்திருப்பின், முதலிரு படிகளின் இடத்தில் அக்களஞ்சியத்தையே நேரடியாகத் தொடரலாம்.

வழங்குநர் கிளையில் ஒரு சிறு பிழையைக்கூடத் திருத்தலாகாது என்பது இம்முறையின் கட்டாய விதி. அங்கு ஒரு வரி திருத்தப்பட்டால், அத்திருத்தம் வழங்குநருடையதாகக் கணக்கிடப்படும்; அடுத்த பதிப்பில் அவ்வரி இல்லாதபோது வழங்குநரே அதனை நீக்கியதாகக் கருதி, உள்ளூர்க் கிளையிலிருந்தும் கருவி அதனை அகற்றிவிடும்.

கருவிகளின் வளர்ச்சி

இம்முறை இன்று தோன்றியதன்று. பெல் ஆய்வகத்தில் 1972இல் உருவான எஸ்சிசிஎஸ் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளுள் முன்னோடியாகும். மூன்று கோப்புகளை ஒப்பிடும் டிஃப்3 என்னும் கருவி, 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது. வேறுபாடுகளைத் தனிக்கோப்பாகப் பெற்று மற்றொரு படியில் பொருத்தும் பேட்ச் கருவியை லாரி வால் 1985இல் வெளியிட்டார். பின்வந்த சிவிஎஸ், பிறர் தரும் மூலநிரலை உட்கொள்வதற்கெனத் தனிக் கட்டளையையும் வழங்குநர் கிளைக்கெனத் தனி எண்வரிசையையும் கொண்டிருந்தது.

இவ்வளர்ச்சியில் குறிப்பிடத்தக்கது, எவ்வொன்றிணைப்பு எப்போது நிகழ்ந்தது என்பதைக் கருவியே நினைவில் கொள்ளத் தொடங்கியமை. சப்வெர்ஷன் கருவியின் முதற்பதிப்பு 2004இல் வெளிவந்தபோது இவ்வசதி இல்லை. எம்மாற்றம் வரை ஒன்றிணைக்கப்பட்டது என்பதைப் பயன்படுத்துவோரே குறித்துவைக்க வேண்டியிருந்தது. 2008இல் வந்த 1.5ஆம் பதிப்பே இக்குறையைப் போக்கியது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட், பிரிந்த கிளைகளின் ஒன்றிணைப்பைப் பொதுவாக இரு பெற்றோரைக் கொண்ட பதிவாகச் சேமிக்கிறது.

இதன் பயன் இரண்டாம் புதுப்பிப்பின்போது விளங்கும். முதற்பதிப்பிலிருந்து பிரிந்த உள்ளூர்க் கிளை, இரண்டாம் பதிப்போடு ஒருமுறை முறைப்படி ஒன்றிணைக்கப்பட்டால், மூன்றாம் பதிப்பு வரும்போது பொதுமூலமாக அமைவது இரண்டாம் பதிப்பே. முன்னர் தீர்க்கப்பட்ட முரண்கள் மீண்டும் எழுவதில்லை. மாறாக, இரண்டாம் பதிப்பின் கோப்புகள் உள்ளூர்க் கிளையில் வெறுமனே ஒட்டப்பட்டிருப்பின், கருவி அவ்வுறவை அறியாது. முதற்பதிப்பையே பொதுமூலமாகக் கொண்டு, பழைய முரண்களையே மீண்டும் முன்வைக்கும். ஆகவே கோப்புகளைச் சேமித்தால் மட்டும் போதாது. அவற்றின் வழிமுறை உறவும் சேமிக்கப்பட வேண்டும்.

உள்ளூர்த் திருத்தங்களைப் பேண மற்றொரு வழியும் உண்டு. திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய தனித்தனி ஒட்டுகளாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய பதிப்பின்மேலும் அவற்றை மீண்டும் பொருத்துதல் அது. டெபியன் இயங்குதளத்தின் மூலப்பொதிகளில், வழங்குநரின் நிரல் மாற்றமின்றி ஒரு கோப்பாகவும், டெபியன் செய்த திருத்தங்கள் வேறொரு கோப்பாகவும் பிரித்து வைக்கப்படுகின்றன. கிட் கருவியில் ரீபேஸ் எனப்படும் செயல் இதற்கு ஒப்பானது. திருத்தங்கள் எவை என்பது எந்நேரமும் தெளிவாகத் தெரிவது இதன் நன்மை. பதிவு வரலாறு மாற்றி எழுதப்படுவதால், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கிளையில் குழப்பம் விளைவது இதன் குறை. வழி எதுவாயினும் அடித்தளம் ஒன்றே: மூலமும் திருத்தமும் கலவாமல் நிற்றல்.

முரணும் மறைமுரணும்

கருவி முரண் எனக் காட்டும் இடங்களில் மனித முடிவு தேவை. அவ்விடத்தில் வழங்குநரின் மாற்றத்தை ஏற்பதா, உள்ளூர்த் திருத்தத்தைக் காப்பதா, இரண்டையும் இசைவிப்பதா என்று தீர்மானிக்க, திருத்தத்தின் நோக்கம் தெரிந்திருக்க வேண்டும். ‘சில மாற்றங்கள்’ என்னும் பதிவுக் குறிப்பு ஈராண்டுக்குப்பின் எவர்க்கும் உதவாது. ‘சுவடி எண்ணால் தேடுவோர்க்காக விவரப் பக்கத்தில் புதிய வரி சேர்க்கப்பட்டது’ என்னும் குறிப்பு, திருத்தியவர் பணியிலிருந்து நீங்கிய பின்னும் முடிவெடுக்கத் துணைபுரியும். ஒரு பதிவில் ஒரு நோக்கமே இடம்பெற வேண்டும் என்னும் நெறியும் இதனாலேயே வற்புறுத்தப்படுகிறது.

முரண் காட்டப்படாமையாலேயே ஒன்றிணைப்பு சரியாயிற்று என்று கொள்வதும் பிழை. வழங்குநர் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றி, தம் நிரலில் அது வரும் இடங்களையெல்லாம் திருத்தியிருக்கலாம். நிறுவனம் புதிதாக எழுதிய வேறொரு கோப்பு அப்பழைய பெயரையே அழைத்துக்கொண்டிருக்கும். இரு மாற்றங்களும் வெவ்வேறு கோப்புகளில் இருப்பதால் கருவிக்கு முரண் தோன்றாது, மென்பொருளோ இயங்காது. வரிகளின் வேறுபாட்டையே கருவி அறியும்; பொருளின் வேறுபாட்டை அறியாது. எனவே உள்ளூர்த் திருத்தம் ஒவ்வொன்றும் செயற்படுகிறதா என்பதைக் காட்டும் சோதனை நிரல்களும் அத்திருத்தங்களோடு பேணப்பட வேண்டும்.

தமிழ்க் கோப்புகளில் கருதத்தக்கவை

தமிழாக்கப்பட்ட இடைமுகக் கோப்புகளை ஒப்பிடும்போது தனிச்சிக்கல் ஒன்று எழுகிறது. ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறி தனி ஒரு குறியெண்ணாகவும் எழுதப்படலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என்னும் இரு குறியெண்களின் சேர்க்கையாகவும் எழுதப்படலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இவற்றைச் சமமானவையாகவே வரையறுக்கிறது. ஆயினும் ஒப்பீட்டுக் கருவி குறியெண்களையே நோக்குவதால், கண்ணுக்கு வேறுபாடில்லாத வரியை மாறிய வரியாகக் காட்டும். ‘கோ’, ‘கௌ’ முதலிய எழுத்துகளுக்கும் இது பொருந்தும்.

இதனைத் தவிர்க்க, உள்ளூர்க் கிளையில் நிறுவனம் தானே எழுதும் தமிழ்க் கோப்புகள் பதியப்படுமுன் ஒரே இயல்பாக்க வடிவிற்குக் கொணரப்பட வேண்டும். வழங்குநர் கிளையில் உள்ள கோப்புகளை இயல்பாக்குதல் மேற்கூறிய கட்டாய விதிக்கு முரணானது, ஆதலின் தவிர்க்கத்தக்கது. வரியிறுதிக் குறி, விண்டோஸிலும் யூனிக்ஸ் வழி இயங்குதளங்களிலும் வேறுபடுவதாலும் இதே நிலை ஏற்படும். ஒரு சொல்லும் மாறாத கோப்பில் எல்லா வரிகளும் மாறியதாகத் தோன்றும்.

மூலம் தவறிய நிலை

வழங்கியிலுள்ள கோப்புகளையே நேரடியாகத் திருத்திப் பல்லாண்டு பயன்படுத்திய நிறுவனத்திடம் பொதுமூலம் இராது. பெற்ற பதிப்பின் எண்கூடத் தெரியாதிருக்கலாம். அந்நிலையிலும் மீட்சி உண்டு. வழங்குநர் வெளியிட்ட பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகப் பெற்று, வழங்கியிலுள்ள கோப்புகளோடு ஒப்பிட வேண்டும். எப்பதிப்போடு வேறுபாடு மிகக் குறைவோ, அதுவே மூலமாதல் கூடும். அதனை வழங்குநர் கிளையின் முதற்பதிவாக வைத்து, அதிலிருந்து பிரியும் உள்ளூர்க் கிளையில் வழங்கியின் இன்றைய நிலையைப் பதிந்தால், இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடே உள்ளூர்த் திருத்தங்களின் முழுப்பட்டியலாகும். பின்னர் அவற்றை நோக்கவாரியாகப் பிரித்துக் குறிப்பெழுதிப் பதியலாம். அடுத்த புதுப்பிப்பு இப்புள்ளியிலிருந்து முறைப்படி நிகழும்.

திருத்தச் சுமையைக் குறைத்தல்

ஒன்றிணைப்பு எத்துணைச் செம்மையாக நிகழினும், திருத்தம் ஒவ்வொன்றும் தொடர்ந்து பேணவேண்டிய சுமையே. வழங்குநரின் கோப்புகளைத் தொடாமலே வேண்டியதைப் பெற வழியுண்டாயின் அதனையே தேர்தல் நலம். டிஸ்பேஸின் 6ஆம் பதிப்பு, உள்ளூர் அமைவுகளை எழுதுவதற்கென ஒரு தனிக்கோப்பை அறிமுகப்படுத்தியது. வழங்குநரின் அமைவுக் கோப்புகள் அதனால் மாறாமல் நிற்கின்றன. எல்லார்க்கும் பயன்படும் பிழைத்திருத்தமாயின், அதனை வழங்குநர்க்கே அனுப்பலாம். அவர் ஏற்றுக்கொண்டால், அடுத்த பதிப்பிலிருந்து அது உள்ளூர்ச் சுமையாக இராது.

ஒன்றிணைப்புக்கும் எல்லையுண்டு. 2021இல் வெளியான டிஸ்பேஸ் 7ஆம் பதிப்பில், அதுவரை இருந்த இருவகை இடைமுகங்களும் கைவிடப்பட்டு, ஆங்குலர் சட்டகத்தில் புதிய இடைமுகம் எழுதப்பட்டது. பழைய இடைமுகக் கோப்புகளில் செய்த திருத்தங்கள் ஒன்றிணைவதற்கு எதிர்ப்பக்கத்தில் கோப்புகளே இல்லை. 6ஆம் பதிப்பிற்கான ஆதரவோ 2023இல் முடிவுற்றது. இத்தகைய இடத்தில் நிரலை எடுத்துச் செல்ல இயலாது. நோக்கத்தை மட்டுமே எடுத்துச் செல்ல இயலும். திருத்தங்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் காரணமும் பதிவில் உள்ள நிறுவனம், எவற்றைப் புதிய இடைமுகத்தில் மீண்டும் எழுத வேண்டும், எவற்றைக் கைவிடலாம் என்று வரையறுத்துக்கொள்ளும். பதிவில்லாத நிறுவனத்திற்கு, பழைய பதிப்பில் தங்குவது அல்லது அனைத்தையும் புதிதாகத் தொடங்குவது என்னும் இரண்டே வழிகள் எஞ்சும்.

முடிவுரை

உள்ளூர்த் திருத்தங்களையும் வழங்குநர் புதுப்பிப்புகளையும் ஒருசேரப் பேணுவது, கருவியின் திறத்தினும் பொதுமூலத்தைக் காக்கும் ஒழுங்கையே மிகுதியும் சார்ந்துள்ளது. மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. இரு வடிவங்களின் ஒப்பீடு வேறுபாட்டை மட்டுமே காட்டும். வேறுபாட்டின் காரணத்தைப் பொதுமூலமே காட்டும்.

2. வழங்குநர் தந்த ஒவ்வொரு பதிப்பும் திருத்தமின்றித் தனிக்கிளையில் பதியப்பட வேண்டும். ஒன்றிணைப்பு உறவும் அப்பதிவில் இடம்பெற வேண்டும்.

3. முரணின்மை சரிமைக்குச் சான்றாகாது. உள்ளூர்த் திருத்தங்களுக்குச் சோதனை இன்றியமையாதது.

4. தமிழ்க் கோப்புகள் ஒருங்குறி இயல்பாக்கத்திற்குப் பின்னரே பதியப்பட வேண்டும்.

5. நிரலின் ஆயுள் குறுகியது. திருத்தத்தின் நோக்கத்தைச் சொல்லும் குறிப்பே மென்பொருள் முற்றும் மாறிய பின்னும் பயன்படும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருட்செலவு வேண்டுவதன்று. மென்பொருளைப் பெற்ற முதல் நாளிலேயே, ஒரு வரியும் திருத்துவதற்கு முன், பெற்றது பெற்றவாறு பதிந்துவைத்தல் ஒன்றே இதன் தொடக்கம். அதற்குச் சில மணித்துளிகள் போதும். அதனைத் தவறவிட்டால், பின்னர் மூலத்தைத் தேடியே பல நாள்கள் கழியும்.